பன்னிரண்டு புள்ளி மாப்பிள்ளை

“தம்பி, இன்னும் கொஞ்சம் பெருப்பியும். மூக்குத் தெரியட்டும்.”

பிறிஜெற் அன்ரி இதைச் சொல்வது ஒன்பதாவது தடவை. மெல்ரோயும் ஒன்பதாவது தடவையாகப் பெருப்பித்தான். திரையிலிருந்த சாம்பல் சதுரங்கள் இன்னும் பெரிய சாம்பல் சதுரங்களாயின.

கொட்டாஞ்சேனையில் அன்ரி குடியிருக்கும் தொடர்மாடியின் பின்கேற்றடியில், கமெரா பூட்டிய நாளிலிருந்து, பின்னேரங்களில் ஓர் உருவம் அசையாமல் நிற்கிறது. ஒல்லி. சிலும்பிய தலை. கள்ளன் நோட்டம் பார்க்கிறான் என்பது அன்ரியின் முடிவு. மாடிச் சங்கத் தலைவி அவர்தான். அவர் திருப்திப்பட்டால் இன்னும் பதினாறு கமெரா பூட்டும் வேலை மெல்ரோய் வேலைசெய்யும் கடைக்கு வரும். “வடிவா விளங்கப்படுத்திப்போட்டு வாரும்” என்று முதலாளி அனுப்பியிருந்தார்.

“அன்ரி, இவன்ர முழு முகமுமே பன்னிரண்டு புள்ளிதான். பெருப்பிச்சா புள்ளி பெருசாகும், எண்ணிக்கை கூடாது. ஒரு முட்டையைப் பெரிய தாச்சியில ஊத்தினா ரெண்டு முட்டையாகுமா?”

“தண்ணி விட்டு அடிச்சா ஆகும்,” என்றார் அன்ரி.

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து அவரது கணவர் நோபேட் அங்கிள், “ருசி இராது,” என்றார்.

மகள் றஷ்மிக்கு மெல்ரோய் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். “படத்தை எனக்கு அனுப்புங்கோ அண்ணா. என்ர போன்ல முகத்தைத் தெளிவாக்கிற ஏஐ ஆப் ஒண்டு இருக்கு,” என்று சொல்லி அறைக்குள் போனவள், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

கள்ளனுக்கு முகம் வந்திருந்தது. சுருள் முடி, சிரிக்கும் கண், கன்னத்தில் குழி. கழுத்தில் குருசுச் சங்கிலிகூட.

“இது கள்ளன்ர முகமே?” அன்ரி போனை ஜன்னலடிக்குக் கொண்டுபோனார். “எங்கட ஆக்களெல்லே! என்ன வடிவான பிள்ளை!”

மெல்ரோய் பதறினான். “அன்ரி, இது ஆப் தானா யோசிச்சுப் போட்ட முகம். பன்னிரண்டு புள்ளியில குருசு எப்பிடி வரும்?”

“விசுவாசம் இருந்தா வரும்.”

பொய்யை நிரூபித்தே தீருவதென்று அவனும் அப்படியொரு ஆப்பைத் தன் போனில் இறக்கினான். குசினியில் கிடந்த தேங்காயைப் படமெடுத்துக் கொடுத்தான். ஆப் தேங்காய்க்குக் கண்ணும் மூக்கும் தாடியும் வைத்துத் தந்தது.

அன்ரி நெஞ்சில் கைவைத்தார். “கனடாவில இருக்கிற எங்கட பேர்னாட் அண்ணை! சொந்தக்காரரையே கண்டுபிடிக்குது, இதையோ பொய்யெண்டுறீர்?”

அங்கிள் எழுந்து வந்து பார்த்தார். “அச்சு அசல்,” என்றார். மைத்துனரோடு அவருக்குக் கதைபேச்சு இல்லை.

வேறு வழியின்றி மெல்ரோய் பின்கேற்றில் திறமான கமெரா ஒன்றைப் பூட்டினான். மதிலில் ஊரும் எறும்பும் தெரிந்தது. உருவத்தை மட்டும் காணோம்.

மூன்றாம் நாள் அன்ரி போனில் அழுதார். “றஷ்மிக்கு மாப்பிள்ளை பார்த்துப் பார்த்துக் களைச்சுப்போனன். வாசலுக்கு வந்து நிண்ட பிள்ளையையும் உம்மட கமெரா துரத்திப்போட்டுது!”

ஞாயிறு பூசை முடிந்ததும், அந்த முகத்தை அச்சடித்துக் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் காட்டினாராம். கேள்விப்பட்டு மெல்ரோய் விழுந்து விழுந்து சிரித்தான். ஆப் பெற்ற பிள்ளையை எந்த ஊரில் தேடுவது?

சிரிப்பு ஒரு கிழமைதான். அடுத்த ஞாயிறு அன்ரி அவனை அவசரமாகக் கூப்பிட்டார். போனால், சோபாவில் ஒரு தாயோடும் சொக்லேட் கேக்கோடும் அந்த முகம் உட்கார்ந்திருந்தது. சுருள், குழி, குருசு ஒன்றும் குறையவில்லை.

“பேர் ஜொனாதன். ஹெவ்லொக் டவுன்,” என்றது முகம். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “ஓம், கேற்றடியில நிண்டது நான்தான். றஷ்மியை ஒருக்காப் பார்க்க,” என்றது.

“இப்ப விளங்கப்படுத்தும் பாப்பம்!” என்றபடி அன்ரி மெல்ரோயின் வாயில் கேக்கைத் திணித்தார். பதினாறு கமெராவுக்கும் அங்கேயே கையெழுத்து வைத்தார்.

படித்ததெல்லாம் பொய்யோ என்ற கலக்கத்தோடு மெல்ரோய் பின்படியால் இறங்கினான். கேற்றடியில் மாடி கூட்டித் துடைக்கும் நதீஷா மறித்தாள்.

“மாத்தயா, வேலை முடிஞ்சுதானே? இனி என்ர மொப்பைப் பழையபடி இங்க சாத்திக் காயவைக்கலாமா? நீங்க கமெரா பூட்ட இடமில்லையெண்டுதான் அண்டைக்கு எடுத்தனான்.”

தலைகீழாக அவள் பிடித்திருந்த மொப்பை மெல்ரோய் பார்த்தான். ஒல்லி. சிலும்பிய தலை.

“அப்ப... அன்ரி அச்சடிச்சுக் காட்டின அந்த முகம்?”

“அது றஷ்மி மிஸ்ஸின்ர போன்ல ரெண்டு வருசமா இருக்கிற முகம்தானே, மாத்தயா!”