நிக்காதே அண்ணன் எடுத்த படம்

நாற்காலியைக் கண்டுபிடித்தவன் வேலையற்றவன் என்று மனதார நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, நிக்காதே அண்ணன்தான். சோறு தின்பது நடந்துகொண்டே. மாதா கோயிலில் பூசை நடக்கும்போதும் பின்வரிசைக்கும் வாசலுக்குமாக அலைவார். “நீங்கள் ஆண்டவரைத் தேடி வருகிறீர்களா, ஆண்டவர் உங்களைத் துரத்துகிறாரா?” என்று சாமியாரே ஒருநாள் கேட்டுவிட்டார்.

முதலில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களின் கண்ணெல்லாம் இவர் போகும் திசையில் போக, அச்சான படத்தில் மொத்தக் குடும்பத்துக்கும் மாறுகண். முதலாளி கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார். அதன் பிறகுதான் ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து கையால் சுற்றிப் படமெடுக்கும் சினிமாப் பெட்டி ஒன்றை வாங்கினார். பினாங்குக்குச் சனி பிடித்தது.

அப்போது நான் துறைமுகக் கிடங்கில் கிராணி, அதாவது மேசையில் உட்கார்ந்து கணக்கெழுதும் குமாஸ்தா. தினமும் என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து புலம்புவார்.

“துரைமாரு குதிரைப் பந்தயத்தைப் படம் எடுக்கிறான், ராசா ஊர்வலத்தை எடுக்கிறான். மூட்டை தூக்குறவனை எவன்லா எடுப்பான்? இந்த ஊரைத் தூக்கி வெச்சவனே அவன்தானே!”

“எடுத்து யாருக்குண்ணே காட்டப் போறீங்க?”

“பெத்தவங்களுக்குலா!”

விளையாட்டில்லை. மூட்டைக்காரர்களின் சொந்த ஊர்ப் பக்கமான நாகப்பட்டினத்தில் கூடார சினிமாக் கொட்டகை நடத்தும் ஒருவரோடு கடிதம் எழுதிப் பேசி முடித்திருந்தார். பெரிய படத்துக்கு முன்னால் இவருடைய படம், ஒரு வாரம் ஓடும்.

எடுக்கப் போனபோதுதான் வந்தது வினை. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டூடியோப் படம். பெட்டியைக் கண்டதும் மூட்டையை இறக்கி, தலையைக் கோதி, கைகளைத் தொடையில் ஒட்டி, மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். “நிக்காதே! நட! நிக்காதே!” என்று அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். பெயர் வந்தது அப்படித்தான். படகிலிருந்து கரைக்குப் போட்ட பலகையின் நடுவில் ஒருவன் மூட்டையோடு சிலையாக நிற்க, பின்னால் வந்த இரண்டு பேர் கடலில் விழுந்தார்கள். விழுந்தவர்களும் தண்ணீருக்குள் தலையைக் கோதிக்கொண்டு பெட்டியைப் பார்த்தார்கள்.

கடைசியில் அண்ணன் ஒரு பொய் சொன்னார். “பெட்டியில பிலிம் இல்லை. சும்மா கை பழகுறேன், நீங்க வேலையைப் பாருங்க.” பார்த்தார்கள். நான்கு நாள் சுற்றித் தள்ளினார். பிறகு குளியலறையை அடைத்துக்கொண்டு படத்தைக் கழுவி, வீட்டுக்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சந்தோஷமாகத் துறைமுகத்துக்கு ஓடிவந்தார்.

“எல்லாரும் படத்துல இருக்கீங்க! நாகப்பட்டினத்துல உங்க அம்மா பார்ப்பாங்க!”

ஆட்கள் அவரவர் மூட்டைக்குத் திரும்பினார்கள். ஆரோக்கியம் என்ற மூட்டைக்காரன் மட்டும் நேரே என் மேசைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணே, அம்மாவுக்கு நான் கிராணியாச்சே!”

அதில் எனக்கும் பங்கிருந்தது. ஏனென்றால் எழுதத் தெரியாத அவனுக்காக மூன்று வருஷமாக ‘நான் இங்கே கிராணி’ என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதியவன் நான்தான். ‘இன்று ஆபீசில் வேலை அதிகம்’ என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்திருந்தேன்.

அவன் வரும் துண்டுகளை வெட்டிவிடச் சொல்லி, இருவரும் நிக்காதே அண்ணனைத் தேடிப் போனோம்.

“வெட்டறதா? என் கையை வெட்டு!” என்று குதித்தார். “உழைக்கிறதுல என்னடா வெட்கம்?”

“எனக்கு வெட்கம் இல்லைண்ணே,” என்றான் ஆரோக்கியம். “எங்கப்பா மூட்டைக்கு அடியிலதான் செத்தாரு. மூட்டையைத் தொடமாட்டேன்னு அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டுக் கப்பலேறினேன். இதைப் பார்த்தா அம்மா உசிரு அன்னிக்கே போயிடும்.”

அண்ணன் தெருக்கோடி வரை விறுவிறுவென்று போனார், திரும்பினார், மறுபடி போனார். நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் காலை பெட்டியோடு என் ஆபீசில் நின்றார். “கோட்டைக் கழட்டு. எழுந்திரு.”

என் கோட்டு ஆரோக்கியத்தின் மேல் ஏறியது, ஆரோக்கியம் என் நாற்காலியின் மேல் ஏறினான். “எழுது, எதையாவது எழுது!” என்று அண்ணன் சுற்ற, பாவம், அவன் ஒரு முழுப் பக்கத்துக்குச் சிலுவையாகப் போட்டுத் தள்ளினான். உள்ளதை உள்ளபடி காட்டுவேன் என்று ஊரெல்லாம் சண்டை போட்ட மனிதர் அன்று வேர்க்க விறுவிறுக்க ஒரு பொய்யைப் படம் பிடித்தார். ஆரோக்கியத்தின் முகம் தெரிந்த துண்டுகளையெல்லாம் வெட்டி எறிந்தார். தலையில் மூட்டையோடு அவனும் மற்ற ஆட்களும் வரிசையாகப் போகும் ஒரு துண்டை மட்டும் விட்டார். முகங்களை மூட்டைகள் மறைத்திருந்தன. “இதுல யார் யாருன்னு அந்தச் சாமிக்கே தெரியாது,” என்றார்.

சுருள் கப்பலேறியது. அண்ணன் இரண்டு மாதம் ஒரு கப்பல் விடாமல் போய் நின்று, தபால் மூட்டையை இறக்குகிறவர்களின் உயிரை எடுத்தார். ஒருவழியாக ஆரோக்கியத்துக்குக் கடிதம் வந்தது. அம்மா சொல்லச் சொல்ல அந்த ஊர்க் கோயில் உபதேசியார் எழுதியது. இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்தான் படித்தேன்.

‘மகனே, நீ நாற்காலியில உட்கார்ந்து எழுதுறதைப் பார்த்தேன். ஊரே பார்த்துச்சு. கோட்டு உனக்குத் தொளதொளன்னு இருக்கு. படத்துல மூட்டை தூக்கிட்டு ஒரு வரிசை போச்சே, அதுல மூணாவது புள்ள, முகம் தெரியலை. இடது காலைக் கொஞ்சம் சாய்ச்சு நடக்கிறான், உங்கப்பா மாதிரியே. ஏழு நாளும் போய் அவனைத்தான் பார்த்தேன். அவனை யாரும் ஒண்ணும் சொல்லவேண்டாம். அவங்கம்மா கோவிச்சுக்கமாட்டா. சனிக்கிழமை தோறும் தலைக்கு எண்ணெய் வெச்சுக் குளிக்கச் சொல்லு. உடம்புச் சூடு தணியும்.’

ஆரோக்கியம் என் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். நிக்காதே அண்ணன் வெளியே ஓடினார். அழுவதற்குத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். கால் மணியில் ஒரு குப்பி நல்லெண்ணெயோடு வந்தார்.

“சட்டையைக் கழட்டுடா. இன்னிக்குச் சனிக்கிழமைதான்லா!”

கிடங்குக் குழாயடியில், ஆரோக்கியத்தின் தலையில் எண்ணெய் வைத்துப் பரபரவென்று அவர் தேய்த்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பெற்றவள் கை தேய்த்திருந்தாலும் அவ்வளவு பதமாக இருந்திருக்காது.