லிட்டர் சாரும் வெள்ளிக்கிழமை செவலையும்

மாட்டுக்கு வணக்கம் சொல்லிவிட்டு மனிதர்களை மறந்துபோகிற ஒரே அரசாங்க ஆள், நான் பார்த்தவரையில், லிட்டர் சார்தான். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் எங்கள் அதியமான்கோட்டையில் ஒருவருக்கும் தெரியாது.

அறுபதுகளின் கடைசி. மழை பொய்த்த வருஷம். புதுத் தீவனம் போட்டால் பால் ஏறுமா என்று சோதிக்க வந்தார். சோதனையில் சேர்ந்த மாட்டுக்குத் தீவனம் சும்மா கிடைக்கும். எங்கள் வீட்டில் வைக்கோல் தீர்ந்து, கூரையைப் பிடுங்கிப் போடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வராவிட்டால் செவலைப் பசு சந்தைக்குப் போயிருக்கும்.

விடிந்ததும் அளவு ஜாடியோடு வருவார். “செவலையம்மா, நல்லாத் தூங்குனீங்களா?” என்பார் பசுவிடம். பக்கத்தில் நிற்கும் என் வீட்டுக்காரரிடம், “கொஞ்சம் தள்ளுப்பா.” ஒருநாள் அது விட்ட உதையில் ஜாடியும் அவரும் சாணியில் கிடந்தார்கள். எழுந்து, “தப்பு என்மேலதாங்க, கை சில்லுன்னு இருந்துச்சு” என்று அதனிடமே மன்னிப்புக் கேட்டார்.

சிக்கல் என் மாமியாரால் வந்தது. வெள்ளிக்கிழமை வேற்று ஆள் பாலை அளந்தால் கண்ணு பட்டுவிடும் என்பது அவர் சட்டம்.

“இன்னிக்கு வேணாங்க. நாளைக்கு வாங்க.”

“பால் கொறஞ்சுபோச்சுன்னு மறைக்கிறீங்களா ஆத்தா?”

“அட போங்க சாமி! என் மாடு கொறைக்குமா? ஒங்க கண்ணுதான் கொள்ளிக்கண்ணு!”

திட்டு வாங்கியவரின் முகம் மலர்ந்துவிட்டது. பால் குறைந்ததை மறைத்தால்தான் கணக்கு பொய் சொல்லுமாம். கண்ணுக்குப் பயந்து மறைத்தால், விட்டுப்போன நாளுக்கும் பால் ஏறி இறங்குவதற்கும் சம்பந்தமில்லை, அதனால் பரவாயில்லையாம்.

ஒருநாள் அவருடைய மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நோட்டில் செவலையின் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் காலியாக இருப்பதைப் பார்த்தார்.

“ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த மாட்டையே தள்ளிடுங்க. எல்லா நாளும் அளந்த மாடுங்களை மட்டும் சேர்த்து நாளுக்கு ஒரு சராசரி போடுங்க. வழக்கமான கணக்கு அதான்.”

தள்ளின மாட்டுக்குத் தீவனம் ஏது?

லிட்டர் சார் அடுப்புக்கரியை எடுத்தார். மாமியார் அப்போதுதான் வெள்ளையடித்திருந்த சுவரில் ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாகப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்.

“இது மேலத்தெரு கருப்பி. எப்பவும் நெறயக் கறக்கும். இது செவலை, பொறப்புலயே கொறச்சல். ரெண்டையும் ஏன் சார் கலக்கணும்? அதது எங்க ஆரம்பிச்சு எப்படி ஏறுதுன்னு மாட்டுக்கு ஒரு கோடு போடுவோம். அப்புறம் ஒரு கோட்டோட இன்னொரு கோட்ட ஒத்துப் பாப்போம். நடுவுல ஒரு புள்ளி இல்லேன்னா கோடு செத்தா போச்சு?”

“வேலை பெருசாயிடுமேய்யா. யார் போடறது?”

“நான் போடறேங்க.”

“செவுத்துக்கு யாருங்க வெள்ளையடிக்கறது?” என்றார் மாமியார்.

அதிகாரி சிரித்துவிட்டார். செவலை பிழைத்தது.

அப்புறம் எங்கள் கொட்டகையிலேயே உட்கார்ந்து கூட்டிப் பெருக்கும் கைமிஷினைக் கடகடவென்று சுற்றிக் கணக்குப் போட்டார். அந்தச் சத்தத்தில் எங்கள் கோழிகள் முட்டையிட மறந்தன. முக்கால்வாசிக் கோடுகள் மேலே ஏறின. செவலையின் கோடும் ஏறியது, அதன் வழக்கமான சோம்பலோடு.

அடுத்த பொங்கலுக்கு மாமியார் வீடு முழுக்க வெள்ளையடித்தார், அந்தக் கரிக்கோடுகளை மட்டும் விட்டுவிட்டு.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது கடலைக்காய் பறிக்கப் போய் பள்ளிக்கூடம் சில நாள் விட்டுப்போனது. வருகைப் பதிவிலிருந்து பேரையே அடித்துவிட்டார்கள். அங்கே ஒரு லிட்டர் சார் இருந்திருந்தால், எனக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்.