எட்டா, மூன்றா: ஒரு பம்பர்ப் போர்

வெல்க, வெல்க கண்ணாடிக் கடைக் காவலன்! ஊரார் மங்கிய விழிகளுக்கெல்லாம் வில்லை வகுத்தளிப்போன், எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கண்ணிமையாது கடந்தோன், எச்சில் கையால் காக்கை ஓட்டாச் சிக்கனச் சிங்கம், புதுக்கார்ப் பூபதி! அன்னான் முன்பம்பரில் விழுந்த நெளிவொன்றையும் அதன்பொருட்டு மூண்ட பெரும்போரையும் பாடப் புகுந்தோம். கலைமகளே, எம் நாவில் வந்தமர்க; இடம் போதாதெனில் சற்றே அமுங்கி அமர்க.

ஞாயிறு நண்பகலில், விருந்துண்ட சகலை குடும்பத்தோடு விடைபெற்றேகிய பின்னரே அந்நெளிவு வெளிப்பட்டது. சேதி கேட்ட சகலை, மனைவியின் ஸ்கூட்டரில் விரைந்து திரும்பி, வண்டிக்குடையவனினும் உரக்க வெகுண்டான். “டேஷ்கேமா? வெட்டிச் செலவு” என்று, காரின் முகப்புக் கேமராவை வாங்கிய நாள்முதல் நகைத்த வாயும் அதுவே. ஆகவே நம் வீரன் பம்பரைத் தொட்டு முழங்கினான்:

“இடிச்சவன் நம்பரை இன்னிக்கே காட்டுறேன். காட்டலைன்னா கேமராவைக் கழட்டி உங்க கையிலயே குடுத்துடறேன், சகலை!”

அந்தோ! வண்டி நின்றாலும் விழித்திருக்கும் அக்கேமராவின் காட்சியனைத்தும் ஒரே மெமரி கார்டில் மாதக்கணக்கில் அடங்கவேண்டுமென்று, வீடியோவைச் சுருக்கும் உச்ச அமுக்கத்தைத் தேர்ந்தவன் அவனே. முந்தைய படத்தினின்று மாறியதை மட்டும் குறித்து மற்றதை அப்படியே விட்டுவிடும் எச்.265 என்னும் புதுமுறை கெட்டிக்காரக் கணக்கன்தான். இடத்தைத் தாராளமாய் அளந்தால் தெளிவாகவே எழுதியிருக்கும். இவன் அளந்ததோ ஆழாக்கு. அதிலும் பெரும்பங்கைக் காற்றிலாடிய சாலையோர மரத்தின் இலைகள் அள்ளிக்கொள்ள, நம்பர் பிளேட்டுக்கு மிஞ்சியது கொஞ்சம் சாம்பல் நிறம்.

களம் புகுந்தான் காவலன். புதுமுறையறியாப் பழங்கணினி திரையை இருட்டிவிட்டு “டொக்” என்னும் இடியொலியை மட்டும் ஈந்தது. பழைய முறைக்கு மாற்றினான்; நைந்த துணி இன்னொருமுறை துவைபட்டது. பின்னோக்கி வந்து மோதும் வெள்ளைக் காரொன்று கட்டங்கட்டமாய்த் தோன்ற, பெரிதாக்கினான், கட்டம் பெரிதாயிற்று, வெளிச்சமேற்றினான், கட்டம் வெளுத்தது, கண்ணாடியைக் கழற்றினான், மாட்டினான், மாற்றி மாட்டினான், முடிவில் திரையோடு மூக்குரச நின்று கர்ச்சித்தான்: “எட்டு! கடைசி ரெண்டு நம்பர் எழுபத்தெட்டு! மாடிவீட்டுப் பல் டாக்டர் காரு!”

“மூணு மாதிரியும் தெரியுதேங்க” என்றாள் இல்லாள்.

“கண்ணு விஷயத்துல எனக்கேவா?” என்றான் வேந்தன்.

“சின்ன நெளிவுதானே, விட்டுடலாமே” என்று நெற்றி துடைத்தான் சகலை. அவ்வளவு சீறியவன் அத்தனை சீக்கிரம் சாந்தமானது யார் கண்ணிலும் படவில்லை.

பொங்கியெழுந்தது வீரம்! கரையுடைத்த வெள்ளமென, கட்டறுத்த களிறென, பல் பிடுங்கும் பகைவன் பல்லையே பிடுங்குவேனெனச் சூளுரைத்து, படியதிர, சுவரதிர, பக்கத்து வீடுகளின் கதவெல்லாம் திறக்க, மாடியேறிய மாவீரன், டாக்டர் வாசலில் நிமிர்ந்து நின்று, ஆள்காட்டி விரலை வேலென உயர்த்தி அழைப்புமணியை நோக்கி நீட்டிய அக்கணத்தில், மூச்சிரைக்க ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்திழுத்தது ஒரு கை.

“மணி அடிக்காதீங்க சகலை, அது மூணுதான், என் வண்டி” என்றான் சகலை.