ஜனாதிபதிக்கு அப்புறம் யார்?

பதில் தெரிந்த கேள்வி காதில் விழுந்தால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. இந்த வியாதியால்தான் நான் மனதார ஆசைப்பட்ட கல்யாணம் நின்றுபோனது.

ஐம்பத்தைந்தாம் வருஷம். அமெரிக்க ஜனாதிபதி நெஞ்சுவலியால் படுத்திருந்த சமயம். மீஞ்சூரில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தணிகாசலம், பொன்னேரி தபாலாபீஸில் குமாஸ்தா. ஒரே ஒரு முறைதான் நிமிர்ந்து பார்த்தேன். பிடித்துவிட்டது. (நல்ல மூக்கு.)

பஜ்ஜியைக் கடித்தபடியே அவருடைய அப்பா பேப்பர் செய்தியை எடுத்தார். "அமெரிக்காக்காரன் பூட்டான்னா, அவன் புள்ளதானே பட்டத்துக்கு வருவான்?"

எங்கள் நைனா மரியாதைக்குத் தலையாட்டினார். நானும் ஆட்டியிருக்கலாம். "இல்லீங்க, உப ஜனாதிபதி வருவாரு" என்றேன்.

தணிகாசலம் மட்டும் சிரித்தார். "அவரும் இல்லைன்னா?"

"சபாநாயகருங்க."

"அப்பால?"

கேட்டது அவரல்லவா? பேப்பரில் படித்த வரிசை மொத்தமும் கடகடவென்று வந்தது. மேல்சபையின் தற்காலிகத் தலைவர், வெளிநாட்டு மந்திரி, நிதி மந்திரி, ராணுவ மந்திரி, சர்க்கார் வக்கீல். ஒவ்வொருவராக நான் போட்டுத்தள்ள, அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. "ஜனாதிபதியோட சேத்து இந்த எட்டு பேரும் செத்தாக்கா, தபால் மந்திரிங்க!"

"அட, எங்காளு!" என்று தொடையைத் தட்டினார் தணிகாசலம்.

அவருடைய அம்மா தட்டைக் கீழே வைத்தார். "இன்னாம்மா இது? நல்ல காரியம் பேச வந்த ஊட்ல இத்தினி சாவா? எட்டு பேரை முழுங்கிக்கினு நிக்கிறாளே, எம்புள்ள ஒத்த ஆளு, தாங்குவானா?"

எழுந்துவிட்டார்கள். செருப்பை மாட்டும்போது அவர் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா கையைப் பிடித்து இழுத்துப்போனார். அதன்பிறகு ஒரு வருஷம், தபால்காரர் குரல் கேட்டால் நான்தான் முதலில் ஓடுவேன். (வந்ததெல்லாம் உறவுக்காரர்களின் கல்யாணப் பத்திரிகைகள்.) அவர் என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுவருஷம் திருநின்றவூரில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். கதை முழுவதும் அவருக்குத் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார்: "நான் இவங்களுக்கு உப ஜனாதிபதிங்க. மொத ஆளு எடம் காலியாச்சு, நான் பதவிக்கு வந்துட்டேன்." அவர் போன பிறகும் பேரன் பேத்திகள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன், எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, கொஞ்சம் தாமதமாக.