எல்லாம் நிழல்

மனிதர்களில் 'நிழல்காரர்' என்றொரு இனம் உண்டு. வெறுங்கையோடு வந்து உங்கள் கையில் இருப்பதையும் காலி செய்துவிட்டுப் போவார். எல்லாத் தொழிலிலும் இருக்கிறார். ஆனால் கொழுத்து வளர்வது ஸ்வீடனின் வடகோடியில் உள்ள கிரூனாவில், பிளாஸ்மா என்னும் விண்வெளி மின்வாயுவுக்குள் ராக்கெட் விட்டு மின்புலம் அளக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில்தான்.

எங்கள் வேலை எளிது. ராக்கெட்டின் இருபுறமும் நீளக் கம்பி நீட்டி, நுனிக்கு ஓர் உருண்டை மாட்டி, இரண்டுக்கும் எத்தனை வோல்ட் வித்தியாசம் என்று பார்ப்போம். ஒரே தொல்லை, சுழலும்போது ஓர் உருண்டை ராக்கெட்டின் நிழலுக்குள் போய்விட்டால், இல்லாத புலத்தைக் கருவி இருப்பதாகச் சொல்லும். இந்த ஒற்றைத் தொல்லையை வைத்தே எங்கள் பேராசிரியர் ஃபோல்கே காலம் தள்ளுகிறார்.

காபி வேளையில் யார் வரைபடம் நீட்டினாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு தாளில் படும்வரை குனிந்து, பெருமூச்சு விட்டு, ஏலக்காய் பன்னில் ஒரு கடி கடித்து, நிதானமாக மென்று முடித்துத் தீர்ப்புச் சொல்வார். நிழல். அவ்வளவுதான்.

போன மாதம் மாட்டியவள் ஆராய்ச்சி மாணவி இல்வா. அவளது முனைவர் பட்டமே ஒரு மேட்டை நம்பியிருந்தது. துருவ ஒளிக்குள் புகுந்த ராக்கெட் வரைபடக் கோட்டில் எழுப்பிய அருமையான மேடு. ஃபோல்கே கையெழுத்திட்டால்தான் பட்டம். நிழல் என்றார். டிசம்பர் ராத்திரியில் நம் ஊரில் சூரியன் ஏது என்றாள். நிலாவின் வேலை என்றார். அன்று அமாவாசை என்றாள். அப்படியானால் இன்னும் மோசம், எதனால் விழுந்த நிழல் என்றே தெரியவில்லையே என்றார்.

இவரை என்ன செய்வது? மறுநாள் இல்வா வேறொரு தாளை நீட்டினாள். பெருமூச்சு. பன்.

"நிழலேதான். இதைப் போயி கண்டுபிடிப்புன்னு எவனாவது சொன்னா, வேற வேலை பாத்துக்கச் சொல்லு."

"சொல்லிட்டேன், ஃபோல்கே. இது நீங்க அளந்தது. இதுக்குத்தான் உங்களுக்குப் பேராசிரியர் பதவி குடுத்தாங்க."

ஃபோல்கே தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு வெயில் வேற மாதிரி இருந்துச்சும்மா," என்றார். பிறகு பேனா கேட்டார்.

இல்வா டாக்டர் ஆகிவிட்டாள். எனக்குப் பரம சந்தோஷம். நீங்களும் சிரிக்கிறீர்கள். ஆனால், 'ஒரு பேராசிரியருக்குத் தன் தாளே அடையாளம் தெரியாதா, இவன் சும்மா கதை விடுகிறான்' என்று நடுவில் ஒரு தரம் உதட்டைப் பிதுக்கினீர்கள்தானே? வாருங்கள். ஃபோல்கேவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.