அட்டை போட்டுத் தரப்படும்

இந்த வருஷம் ஒரு நோட்டுக்குக்கூட அட்டை போடுவதில்லை என்று நான் சபதம் செய்தேன். சத்தமாக இல்லை. எங்கள் வீட்டில் சத்தமாகச் சபதம் செய்யும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு, அது நான் இல்லை. கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து மனதுக்குள் செய்துகொண்டேன்.

என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். திருவள்ளூரில் விடியுமுன் பஸ் ஏறினால் நாள் முழுக்க அட்டையை வெட்டுவது, மடிப்பது, ஒட்டுவது. சரி, வீட்டுக்கு வந்தாலாவது அட்டை இல்லாமல் இருக்கலாம் என்றால், மே மாதக் கடைசி ஞாயிறு என்று ஒன்று வந்து தொலைக்கும். பையன் பரத்துக்குப் பதினெட்டு நோட்டு. பெண் காயத்ரிக்குப் பதினாறு. எல்லாவற்றையும் என் முன்னால் கொண்டுவந்து குவித்துவிட்டு என் மனைவி திலகவதி சொல்லுவாள்: "நீங்க அதே வேலையில இருக்கிற ஆளு. உங்க கை பட்டாதான் மடிப்பு நிக்குது."

ஒன்பது வருஷமாக இந்த ஒரே பாராட்டு! ஓட்டலில் தோசை சுடுகிறவனை வீட்டிலும் சுடச் சொன்னால் அவன் போலீசுக்குப் போவான். எனக்குப் போலீஸ் ஸ்டேஷன் வரை போகக்கூடப் பர்மிஷன் இல்லை.

தமிழில் அட்டை இரண்டு வகை. ஒன்று நோட்டுக்குப் போடுவது, இன்னொன்று ரத்தம் உறிஞ்சுவது. இரண்டும் ஒன்றே என்பது என் கட்சி.

இந்தத் தடவை விஷயம் இன்னும் மோசம். மாம்பழ சீசன் என்பதால் பெட்டிக்கு ஏகக் கிராக்கி. வார லீவு கூட இல்லாமல் பதிமூன்று நாள் தொடர்ந்து வேலை. பதினான்காம் நாள்தான் அந்த ஞாயிறு. அதை எப்படிக் கழிப்பது என்று திட்டம் போட்டு வைத்திருந்தேன். பன்னிரண்டு மணி வரை ஃபேனுக்குக் கீழே தூக்கம். பிறகு மட்டன் குழம்பு. பிறகு, காலைத் தூக்கத்தில் ஏதாவது பாக்கி இருந்தால் அது. இந்த ஞாயிற்றை ஒருவரும் தொடக்கூடாது.

சும்மா முடியாது என்று சொன்னால் திலகா விடமாட்டாள். ஆகவே மூளையைச் செலவழித்தேன். கம்பெனியில் மீந்துபோன பழுப்புக் காகித ரோல் ஒன்றை மேனேஜரிடம் கேட்டேன். பிள்ளைகளுக்கு என்றதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதைத் தெருப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்குவது. ஞாயிறு காலை எல்லாத் தாய்மார்களும் வாங்க வருவார்கள். "வந்ததுதான் வந்தீங்க, இங்கியே உக்காந்து போட்டுக்கினு போங்களேன்" என்று பெருந்தன்மையாக ஒரு பாயை விரிப்பது. பேச்சு சுவாரசியத்தில் பரத், காயத்ரி நோட்டுகளையும் நடுவில் நைசாகத் தள்ளிவிடுவது. பிறகு உள்ளே போய்ப் படுத்துவிடுவது. தர்மமும் ஆச்சு, தூக்கமும் ஆச்சு.

வியாழக்கிழமை சாயங்காலம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அறிவித்துவிடலாம் என்று போனைத் திலகாவிடம் நீட்டினேன்.

"ஒரு மெசேஜ் டைப் பண்ணு."

"நீங்களே பண்ணுங்களேன்."

"என் விரலு பெருசு. ஒரு எழுத்தை அமுக்கினா நாலு எழுத்து விழுது."

"விரலு மேல ஏன் பழி? கண்ணு தெரியல. கண்ணாடி போடுங்கன்னா கேக்கிறீங்களா? வயசு நாப்பத்தாறு ஆவுது."

"நாப்பத்தஞ்சரை."

"சரி, சொல்லுங்க."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "பள்ளி திறப்பை முன்னிட்டு, நம் தெருப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கு, ஞாயிறு காலை பத்து மணிக்கு, நமது இல்லத்தில், இலவசமாக அட்டை தரப்படும். இப்படிக்குப் பரசுராமன்."

"தெருவுக்கே தர்மமா? இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சமூக சேவைடி."

அவள் டைப் அடித்தாள். பாதியில் நிறுத்திப் போனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. நல்ல காரியம் பண்றீங்க, அதான்."

கடகடவென்று வாசித்துக் காட்டினாள். காதுக்குச் சரியாக இருந்தது. அனுப்பு என்றேன். பத்து நிமிஷத்தில் நாற்பத்திரண்டு பேர் கைகூப்பிக் கும்பிட்டிருந்தார்கள். எதிர்வீட்டு ஜெரால்ட், "பரசு, நீ மனுஷனே இல்ல" என்று எழுதியிருந்ததைத் திலகாவே படித்துச் சொன்னாள். பாராட்டுத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் மேஜை, அதன்மேல் ரோல், கத்தரிக்கோல் சகிதம் நின்றேன். முதலில் வந்தது நாலு வீடு தள்ளி இருக்கும் முத்தம்மா. காக்களூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. இரண்டு கையிலும் இரண்டு கட்டைப்பை. இரண்டையும் என் காலடியில் தொப்பென்று வைத்தாள்.

"இந்தாண்ணா. மொத்தம் நாப்பத்தொம்பது. பெரியவனுது மேல கீது, பொண்ணுது நடுவுல, சின்னவனுது அடியில. லேபிளும் உள்ளயே போட்டுக்கீறேன்."

"நோட்டு எதுக்கும்மா? எத்தனை ஷீட் வேணும்னு சொல்லு, வெட்டிக் குடுக்கிறேன்."

"வெறும் பேப்பரை வெச்சிக்கினு நான் இன்னாண்ணா பண்றது? நீதான் போட்டுத் தரேன்னு போட்டுக்கீறியே!"

"நானா? எங்க?"

போனைக் காட்டினாள். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். என் கையின் நீளம் போதவில்லை. "நீ கொஞ்சம் பிடிச்சிக்கினு ரெண்டடி பின்னால போம்மா" என்றேன். போனாள். எழுத்து தெளிந்தது. 'இலவசமாக அட்டை போட்டுத் தரப்படும்.'

போட்டு!

நிமிர்ந்தால் முத்தம்மாவுக்குப் பின்னால் தெருமுனை வரை பைகள். ஜெரால்ட் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சாக்குமூட்டையோடு நின்றான்.

"இன்னா பரசு, ரெட்டைப் பசங்களுது. மடிப்பு கரெக்டா இருக்கணும். எங்க ஊட்டுல போட்டா பூரி மாதிரி உப்பிக்குது."

"ஏன், நீ போடறது?"

"நான் எதுக்கு போடணும்? அதான் தெருவுலயே இலவசமா போடறாங்களே."

நேராகச் சமையலறைக்குப் பாய்ந்தேன். திலகா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு அந்த 'போட்டு'வைப் போட்டது?"

"நான்தான் போட்டேன்."

"நான் 'அட்டை தரப்படும்'னு தானே சொன்னேன்?"

"ஆமா."

"நீயும் அப்படித்தானே படிச்சுக் காட்டின?"

"ஆமா. அந்த ஒரு வார்த்தையை மட்டும் மனசுக்குள்ள படிச்சேன்."

பாருங்கள் அக்கிரமத்தை! அறிவிப்புப் போட்டுக் கொடு என்று போனைக் கொடுத்தால், புருஷனையே போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"இப்பவே அழி அதை!"

"அழிக்கலாமே. 'செய்தி நீக்கப்பட்டது, பரசுராமன்'னு வரும். நாப்பத்திரண்டு பேரு கும்பிட்டிருக்காங்க. நீக்கட்டுமா?"

என் போனைச் சட்டைப் பையில் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

"பேப்பர் இல்லாம யாரு அழுதா? போடத்தான் ஆளில்ல. முத்தம்மா காலையில அஞ்சரை பஸ்ஸுக்கு ஓடிட்டு ராத்திரிதான் ஊடு திரும்பறா. அதுக்குமேல நாப்பத்தொம்பது நோட்டுக்கு எப்பங்க அட்டை போடுவா? போய்ப் பாருங்க."

வாசலுக்கு வந்தேன். முத்தம்மா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே நடந்தது பாதிக் காதில் விழுந்திருக்கும் போல.

"முடியலன்னா பரவால்லண்ணா, எடுத்துக்கினு போறேன். நாளைக்கு அட்டை இல்லன்னா சின்னவனை கிளாஸுக்கு வெளிய நிக்க வெப்பாங்க. போன வருசமும் நின்னான். அதான் ஒரே பேஜாரா இருந்துச்சு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. திலகா மேல் கோபம், பள்ளிக்கூடத்தின் மேல் கோபம், வெளியே நின்ற அந்தப் பையனை நினைத்தும் கோபம். அத்தனை கோபத்தோடு, "வெச்சிட்டுப் போம்மா, சாயங்காலம் வா" என்றேன்.

அவ்வளவுதான், எல்லாரும் வைத்துவிட்டுப் போனார்கள். பாயை விரித்தேன். அதில் உட்கார ஒரு தாயும் இல்லை. நான்தான் உட்கார்ந்தேன்.

எத்தனை வகை நோட்டு இந்த நாட்டில்! இரட்டைக்கோடு, நாலுகோடு, கட்டம் போட்டது, கோடே போடாதது. அறிவியலுக்கு ஒன்று, அறிவியலில் தப்பு செய்தால் திருப்பி எழுத இன்னொன்று. ஓவிய நோட்டு ஒன்று ஒரு ஆள் படுக்கும் அகலம். நான் படித்த காலத்தில் ஒரே நோட்டில் முன்பக்கம் தமிழ், பின்பக்கம் கணக்கு. இப்படிக் குவித்துப் படித்த பிள்ளைகள் கடைசியில் எங்கே போகின்றன? எங்கள் கம்பெனிக்குத்தான் இன்டர்வியூவுக்கு வருகின்றன!

மத்தியானம் ஜானகியம்மாள் வந்தார். தெருக்கோடி வீடு, தனியாள், பள்ளிக்கூடம் போகும் உருப்படி எதுவும் அந்த வீட்டில் கிடையாது. பேங்க் பாஸ்புக்கை நீட்டினார்.

"இதுக்கும் ஒரு அட்டை போட்டுடு நைனா."

"ஸ்கூல் பசங்களுக்குத்தாம்மா."

"நானும் ஸ்கூலுக்குப் போனவதான். அஞ்சாவது வரைக்கும்."

போட்டேன். லேபிள் வேறு கேட்டார். ஒட்டினேன்.

மட்டன் குழம்பு வந்தது. ஒரு கையில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டேன். அது மட்டனா கத்தரிக்காயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டாவது நோட்டை மூடினேன். இடுப்பு எனக்குச் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டது.

முத்தம்மா வந்து பையைத் திறந்தாள். மேலிருந்த நோட்டைத் தடவிப் பார்த்தாள். "கடையில புதுசா வாங்கினது மாதிரி கீதுண்ணா. இனிமே எம் புள்ளைய யாரு வெளிய நிக்க வெப்பா?" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள்.

எல்லாரும் போன பிறகு திலகா காபி கொண்டுவந்தாள். என் சபதமும் போச்சு, ஞாயிறும் போச்சு. இனி மானத்தைக் காப்பாற்றி என்ன பிரயோஜனம்?

"கொண்டா, நம்ம பசங்களுதையும். அதையும் போட்டுத் தொலைக்கிறேன்."

"நம்மளுதா? நம்ம பசங்க ஸ்கூல்லதான் இந்த வருஷம் அட்டையே வேணாம்னுட்டாங்களே!"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எப்ப சொன்னாங்க?"

"வியாழக்கிழமை. உங்க போனுக்குத்தான் வந்துச்சு. டைப் பண்ணச் சொல்லி எங்கிட்ட குடுத்தீங்க இல்ல? கையில வெச்சிருக்கும்போதே வந்துச்சு."

"அடிப்பாவி! அதை அப்பவே சொல்லியிருந்தா நான் இன்னிக்குப் பூரா தூங்கியிருப்பேனே!"

"அதான், ஒரு ஞாயித்துக்கிழமை பூரா சும்மா இருக்கப் போறீங்களேன்னுதான் அந்த 'போட்டு'வையே போட்டேன்."