வினிஃப்ரெட் அம்மாளுக்கு உணவளித்த வழக்கு

உலக நிர்வாக வரலாற்றில், ஊழியர்களுக்கு முன்மாதிரியாக ஒரு பூச்செடியை நியமித்த பெருமை துபாய்க்கே உரியது. வேறு எந்த ஊராவது இதற்கு உரிமை கொண்டாடினால் நம்ப வேண்டாம். 1977-இல் அந்த நியமனம் நடந்தபோது நான் நேரில் இருந்தேன். குத்தாலம் கல்யாணசுந்தரம், ஓய்வு பெற்ற தாசில்தார். பொய் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

நானும் என் மனைவி சீதாலட்சுமியும் மகள் நளினி வீட்டில் சில மாதம் தங்கப் போயிருந்தோம். மாப்பிள்ளை கோபாலசாமி ஒரு கட்டுமானக் கம்பெனியில் உதவி நிர்வாக அதிகாரி. அல் குசைஸ் மணலில் அந்தக் கம்பெனி ஓர் ஆபீஸும், அதற்கு எதிரே குடும்பத்தோடு இருப்பவர்களுக்குக் குவார்ட்டர்ஸும், பின்னால் பார்வையில் படாத தூரத்தில் தொழிலாளர்களுக்குக் கேம்பும் கட்டியிருந்தது. பார்வையில் படாத தூரம் எது என்பதை எஞ்சினியர்கள் நுட்பமாகக் கணக்கிட்டிருந்தார்கள். கேம்ப் கக்கூஸின் வாசனை மட்டும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை.

கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் ஓர் ஆங்கிலேயர். எல்லோரும் அவரை துரை என்றார்கள். துரை லீவில் ஆஸ்திரேலியா போய்விட்டு ஒரு ஞானத்தோடு திரும்பினார். அந்த நாட்டுக் காட்டுப் புதர்களை அங்குள்ளவர்கள் பொறுக்கி எடுத்து, ஒன்றோடொன்று கலந்து, தோட்டத்துக்கென்று புதிய ரகங்களை உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் சூட்டுகிறார்களாம். விதை போட்டால் குணம் மாறிவிடும். குச்சியை வெட்டி நட்டால் தாயின் குணம் அப்படியே வரும். வம்ச சுத்தத்தில் அக்கறை உள்ள எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. அதற்கு முன்னால் நடந்த கலப்பைப் பற்றி நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

செடிகள் விமானத்தில் வந்தன. பாட்டில் கழுவும் பிரஷ் போலவே சிவப்பாகப் பூக்கும் ரகத்தைச் சாலையோரமாக நட்டார்கள். ஆபீஸ் வாசலில், வட்டமாகக் கல் பதித்த மேடை நடுவில், எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நேர் எதிரே, கிரெவில்லியா என்ற இனத்தின் மிக உயர்ந்த ரகம் ஒன்று எழுந்தருளியது. சீப்பு மாதிரி இலை. வளைந்த கொக்கிகளைக் கொத்தாகக் கட்டியது மாதிரி பூ. ரகத்தின் பெயர் ‘லேடி வினிஃப்ரெட்’.

அதை வரவேற்க ஒரு கூட்டம் நடந்தது. நிர்வாக மேனேஜர் பத்மநாபன் என்னையும் ‘பார்வையாளராக’ அழைத்திருந்தார். மயிலாப்பூர்க்காரர். டை கட்டினால் வியர்க்காது என்று நம்புகிறவர்.

"ஜென்டில்மென், இந்தச் செடியைப் பாருங்க. நல்ல மண்ணு கேக்காது. தண்ணி ஜாஸ்தி கேக்காது. உரம் கூடவே கூடாது. வெட்ட வெட்ட இன்னும் பூக்கும். திஸ் இஸ் தி ஐடியல் எம்ப்ளாயி!"

கைதட்டல் அடங்கியதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "செடிக்கு லீவு உண்டுங்களா சார்?"

"யாருப்பா அது?"

"கார்மேகம் சார். நாற்காலி போட வந்தேன்."

"யல்லா, வெளியே போ!"

கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். பரம்பரைக் கொத்தனார். ஆகவே தோட்டக்காரராக நியமிக்கப்பட்டார். அவருக்கு மேல் தோட்டப் பொறுப்பு அதிகாரியாக, ஃபைலைத் தவிர எதற்கும் தண்ணீர் காட்டியறியாத என் மாப்பிள்ளை நியமிக்கப்பட்டார். கம்பெனியின் கஃபீல், அதாவது எங்கள் எல்லோருக்கும் விசா கொடுத்த அரபு முதலாளி, ஜனவரியில் தோட்டத்தைத் திறந்து வைக்க வருவார். அன்று லேடி வினிஃப்ரெட் பூத்து நின்றால் மாப்பிள்ளை பதவி நிரந்தரம். இல்லையென்றால் அவருக்குப் பேச்சிலர் ரூம். நளினி பெட்டியோடு குத்தாலத்துக்கு. மகள் பெட்டியோடு வந்து இறங்கினால் எங்கள் தெரு என்ன பேசும் என்பது எனக்குத் தெரியும். மற்ற வீட்டுப் பெண்கள் வந்தபோது நானும் பேசியிருக்கிறேன்.

அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. கேம்ப் மெஸ்ஸில் இனி ராத்திரிக்குக் குழம்பு கிடையாது, வெறும் ரொட்டி.

"அவங்களுக்கு அவ்வளவெல்லாம் தேவைப்படாது. பழகினவங்க" என்றார் பத்மநாபன், செடியைக் கனிவோடு பார்த்தபடி.

அடுத்த வாரம் கார்மேகம் எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கி வந்தார். சீதாலட்சுமி இலை போட்டாள். அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்ததும், ‘தேவைப்படாது’ என்ற சொல்லுக்கு அந்தக் கம்பெனியில் என்ன பொருள் என்று விளங்கிவிட்டது. ஒரே வாயிலிருந்து வந்த இரண்டு வாக்குமூலங்களில் ஒன்று பொய்யென்றால் மற்றதையும், இங்கே செடியைப் பற்றிச் சொன்னதையும், தள்ளுபடி செய்வது ரெவின்யூ இலாகாவின் மரபு.

அன்று சாயங்காலம் சீதாலட்சுமி ஜன்னலருகே நின்றாள்.

"ஏங்க, அந்தச் செடிக்கு எதுவுமே போட மாட்டாங்களாமே?"

"கம்பெனி உத்தரவு."

"நல்ல உத்தரவு! பொம்பளைப் பேரு வெச்சு, கடல் தாண்டிக் கூட்டியாந்து, வாசல்ல நிறுத்திப் பட்டினி போடறதா? அதுவும் நம்ம வீட்டுக்கு எதுத்தாப்புல! நமக்குச் சோறு எறங்குமா?"

இறங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் வாசலுக்கு வந்தவர் பசியோடு நின்றதாகச் சரித்திரம் இல்லை. மறுநாள் முதல் வினிஃப்ரெட் அம்மாளுக்குக் கழுநீர் போயிற்று. பிறகு பருப்புத் தண்ணீர். பிறகு ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கு. பக்கத்து வீட்டுக் கீழக்கரைக்காரர் கலீலுர் ரஹ்மான் இதைப் பார்த்துவிட்டு, தானும் ஒரு வாளியோடு வந்தார்.

"என்ன தம்பி இது, நாத்தம்?"

"மீன் கழுவின தண்ணி மாமா. விருந்தாளிக்கு மீன் காட்டாம அனுப்பினா எங்க வீட்டுல என்னை உள்ள விட மாட்டாங்க."

நாங்கள் சைவம். ஆனாலும் அவரவர் வீட்டு மரியாதையில் நான் தலையிடுவதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அம்மாள் முகம் மட்டும் தெளியவில்லை. இலை நுனி கருக ஆரம்பித்தது. நல்ல சாப்பாட்டைப் பார்த்தே இராத உடம்பு, இன்னும் போதவில்லை என்று நான் தீர்மானித்தேன். தேரா கடைத்தெருவுக்குப் போய் சூப்பர் பாஸ்பேட் ஒரு மூட்டை வாங்கிவந்தேன்.

மாப்பிள்ளை பதறினார். "மாமா, வேண்டாம் மாமா. உரம் ஆகாதுன்னு துரை சொல்லியிருக்கார்."

"மாப்பிள்ளை, தஞ்சாவூர் ஜில்லாவுல பசுமைப் புரட்சி வந்தப்போ லாரி லாரியா சூப்பர் பாஸ்பேட் விநியோகம் பண்ணவன் நான். உங்க துரை அப்போ எங்கே இருந்தார்?"

"அது நெல்லுக்கு மாமா..."

"நெல்லுக்கு மட்டும் தனி வயிறா?"

 மூட்டை முழுவதையும் அம்மாளின் காலடியில் கொட்டினேன்.

சாலையோரத்து பாட்டில் பிரஷ் செடிகளை யாரும் கவனிக்கவில்லை. அவை தகதகவென்று பூத்தன. வினிஃப்ரெட் அம்மாள் மஞ்சளானாள், பழுப்பானாள், பிறகு குச்சியானாள்.

திறப்பு விழாவன்று கஃபீல் அந்தக் குச்சியைச் சற்று நேரம் பார்த்தார். "மாஃபி?" என்று கேட்டார். ‘இல்லையா’ என்று பொருள்.

"மாஃபி" என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். ரிப்பன் வெட்டப்படவில்லை.

மறுநாள் விசாரணை. ஆஸ்திரேலியாவுக்கு ஃபோன் போட்டு மரணக் காரணத்தை உறுதி செய்திருந்தார்கள். ஏழை மண்ணில் பிறந்த வம்சமாம். பாஸ்பேட் அதற்கு நஞ்சாம்.

"மண்ணைத் தோண்டினா பிண்ணாக்கு இருக்கு, பருப்பு இருக்கு, மீன் முள்ளு இருக்கு. ஒரு ஹோட்டலே இருக்கு!" என்றார் பத்மநாபன். "யார் போட்டது?"

பத்மநாபனின் விரல் எங்கள் எல்லோரையும் தாண்டிப் பின்வரிசைக்குப் போயிற்று.

"கார்மேகம், நீதானே தோட்டக்காரன்? கலாஸ், உன் வேலை முடிஞ்சுது. அடுத்த ஃப்ளைட்ல ஊருக்குப் போ."

"சார், எனக்கே ராத்திரி குழம்பு கிடையாது. செடிக்கு நான் எங்கிட்டிருந்து சார் ஊத்துவேன்?"

மாப்பிள்ளை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன்.

"அது எங்க வீட்டுச் சாப்பாடு. நாங்க போட்ட சாப்பாட்டுக்கு இன்னொருத்தர் பேரை எழுத நான் சம்மதிக்க மாட்டேன்."

"சார், நீங்க விசிட்ல வந்தவங்க. உங்க பேரை எழுத வழி இல்லே. மாப்பிள்ளை பேருதான் வரும். குவார்ட்டர்ஸ் போயிடும். யோசிச்சுப் பேசுங்க."

 குத்தாலம் தெரு கண்முன் வந்து போயிற்று. அதற்குள் மாப்பிள்ளை ஷூவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார்.

"எழுதிக்குங்க சார். கோபாலசாமின்னே எழுதுங்க."

பெண்ணைச் சரியான இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று அன்று நிச்சயமாயிற்று.

பத்மநாபன் மேஜையைத் தட்டினார். "நல்லாச் சாப்பாடு போட்டே கொன்னுட்டீங்களே சார்!"

"அப்ப எங்களுக்கும் அதே மாதிரி போட்டுப் பாருங்க சார்" என்றார் கார்மேகம். "சாகுறமா இல்லையான்னு பாத்துருவோம்."

இந்த யோசனை கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

கார்மேகம் ஊருக்குப் போகவில்லை. மாப்பிள்ளை பேச்சிலர் ரூமுக்குப் போனார். நளினியை அழைத்துக்கொண்டு நாங்கள் ஊர் திரும்பினோம். தெரு பேசத்தான் செய்கிறது. என்ன தப்பு நடந்தது என்று கேட்பவர்களிடம், "விருந்து கொஞ்சம் பலமாகிவிட்டது" என்கிறேன், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

கம்பெனியை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வகை ஜீவன்களுக்குச் சாப்பாடு வேண்டாம் என்று அது சொன்னது. செடியைப் பொறுத்தவரை உண்மையே சொன்னது. அதே ரகத்தில் இன்னொரு வினிஃப்ரெட் வந்து மேடை ஏறியிருப்பதாகவும், சொட்டுக் கழுநீர் இல்லாமல் செழித்துப் பூப்பதாகவும், அந்த வெற்றிக்காகப் பத்மநாபனுக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகவும் மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். குழம்பு இன்னும் வரவில்லையாம்.

முதல் வினிஃப்ரெட் அம்மாளின் ஃபைலையும் மூடிவிட்டார்கள். மரணக் காரணம்: மிதமிஞ்சிய உணவு. அந்தக் கம்பெனி தொடங்கிய நாள் முதல், அங்கே அந்தக் காரணத்தால் செத்தவள் அவள் ஒருத்திதான்.